வாசலுக்கு ஒரு பங்கு

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
நவம்பர் 4

அன்புத் தங்கை ஜோவிதாவுக்கு,

முத்தியால்பேட்டை ரொட்டி சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தியும், பன் கோட்டையின் காவலனும், மழை பெய்தால் மூன்று இடத்தில் ஒழுகும் பேக்கரிக்கு ஏக உரிமையாளனுமாகிய உன் அண்ணன் பிரான்சுவா, லியோன் நகரத்துக் குளிரில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உனக்கு அனுப்பும் அரச ஓலை. இங்கே நான், உன் அண்ணி வேளாங்கண்ணி, உன் மகள் அபி, அடுப்பு ஆகிய நால்வரும் சேமம். அடுப்புக்கு மட்டும் கொஞ்சம் இருமல். விறகு ஈரம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்து முகவுரை முடிப்பதற்குள் ‘டூட்டிக்கு நேரமாச்சுண்ணே’ என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மறுபடி எடுத்துப் படித்துத்தான் ஆக வேண்டும். அதோடு போனில் பேசினால் அபி என் தோளில் ஏறிக் காதைக் கொடுக்கிறாள். அவளைப் பற்றி அவள் எதிரில் எப்படிப் பேசுவது?

முதலில் ஊர்ச் செய்தி. மழை. நேற்றுப் பெய்த மழையில் நம் தெரு இருந்த இடம் தெரியவில்லை. எதிர்வீட்டு ஸ்கூட்டர் தானாகவே மிதந்து காலாப்பட்டு வரைக்கும் போய், அங்கே பெட்ரோல் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டதாகப் பேச்சு. நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன். உன் அண்ணி பேக்கரி வாசலில் மூன்று மூட்டை மணலைப் போட்டுக் கடலையே தடுத்து நிறுத்தினாள்.

போன வாரம் போனில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ஜனவரியில் லீவு கிடைத்தாலும் வரப்போவதில்லை என்றாய். போன முறை வந்துவிட்டு நீ திரும்பியபோது, சென்னை ஏர்போர்ட்டில் அபி உன் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கடைசியில் துப்பட்டாவை அவளிடமே விட்டுவிட்டு உள்ளே போனாய். இன்னொரு முறை அப்படிப் போக உன்னால் ஆகாது, வராமலே இருந்தால் பிள்ளை மெல்லப் பழகிக்கொள்வாள், அவளுடைய பேப்பரெல்லாம் சரியாகி அங்கேயே அழைத்துக்கொள்ளும் வரைக்கும் அதுதான் அவளுக்கு நல்லது என்றாய். செல்வகுமார் மாப்பிள்ளை கண்மூடியதிலிருந்து எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் சுமக்கிறவள் நீ. உன்னோடு வாதாட நான் வரவில்லை. நான் எழுத வந்தது வகுத்தல் கணக்கைப் பற்றி.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. மூன்றாம் வகுப்பு சரிதா மிஸ் பார்க்க வேண்டும் என்றாராம். என் கீர்த்தி பரவி, ஆண்டுவிழாவுக்குத் தலைமை தாங்கக் கூப்பிடுகிறார்கள் போல என்று இஸ்திரி போட்ட சட்டை அணிந்து போனேன். குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் என்னை உட்கார வைத்தார். முழங்கால் இரண்டும் காதைத் தொட்டன. அந்த நிலையில் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். அபியின் வகுத்தல் பரீட்சை. பத்துக்குப் பூஜ்யம். சாதாரணப் பூஜ்யமில்லை ஜோவிதா. தாளின் தலையில், சிவப்பில், பௌர்ணமி மாதிரி. நம் வம்சத்தில் நானும் பூஜ்யம் வாங்கியிருக்கிறேன். ஆனால் என்னுடையதெல்லாம் அதன் காலில் விழ வேண்டும்.

பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் மூன்று என்று எழுதியிருக்கிறாள். பன்னிரண்டை இரண்டால் வகுத்தால் நாலு. இருபத்து நாலை மூன்றால் வகுத்தால் ஆறு. நாற்பதை நாலால் வகுத்தால் எட்டு. பத்தை இரண்டால் வகுக்கச் சொன்ன இடத்தில் ஒன்றுமே எழுதாமல் ஓரத்தில் ‘வரல மிஸ்’ என்று பணிவோடு தெரிவித்திருக்கிறாள். சரிதா மிஸ்ஸுக்குத்தான் ஒரே குழப்பம். கூட்டல், கழித்தலில் புலி, பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தடங்கலில்லாமல் ஒப்பிக்கிற பிள்ளை, வகுத்தலில் மட்டும் ஏன் இப்படி என்று கேட்டார். அரையாண்டுத் தேர்வுக்குள் பிடிபடாவிட்டால் கணக்கு பீரியடில் மட்டும் இரண்டாம் வகுப்பில் உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவருக்கே முகம் சரியில்லை. நல்ல பெண். அதட்டத் தெரியாத பெண். தேர்வு டிசம்பர் முதல் வாரம்.

விடுவேனா? அன்று சாயந்திரமே பேக்கரியை வகுப்பறையாக்கினேன். பன்னிரண்டு பன்னைத் தட்டில் அடுக்கி, ‘அம்மணி, இந்தப் பன்னையெல்லாம் நாம மூணு பேரும் சமமா பிரிச்சுக்கணும், பிரி’ என்று ஆணையிட்டேன். ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனாள். என் முன்னால் மூன்று, அண்ணி முன்னால் மூன்று, அவள் முன்னால் மூன்று. வாசல் பங்கு மூன்றையும் தனித்தட்டில் வைத்து மூடினாள். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. தராசு கூட அப்படிப் பிரிக்காது. மார்தட்டிக்கொண்டேன். பிள்ளை சரியாகத்தான் வகுக்கிறாள். கணக்கு வராதது சரிதா மிஸ்ஸுக்கு.

உன் அண்ணி மட்டும் மூடி வைத்த தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னவென்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

வருகிற திங்கட்கிழமை இரண்டு டிரே பன்னோடு பள்ளிக்கூடத்தின் மேல் படையெடுக்கிறேன். வெற்றிச் செய்தி பின்னால் வரும். நீ அங்கே வயதானவர்களைத் தூக்கி உட்கார வைத்து இடுப்பைப் பிடித்துக்கொள்ளாதே. கம்பளிக் காலுறை போட்டுக்கொள். மாதா உனக்குக் குடையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கணித மேதையின் மாமனும், தானே ஒரு மேதையுமாகிய
பிரான்சுவா


முத்தியால்பேட்டை
நவம்பர் 13

அன்புள்ள ஜோவிதா,

படையெடுத்துப் போன சக்கரவர்த்தி தோற்றுத் திரும்பினான். தோல்வியை நானே ஒப்புக்கொண்டு விடுகிறேன். வேறு யாராவது சொன்னால் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள்.

பள்ளிக்கூடத்து வாசலில் நான் டிரேயோடு இறங்கியதும் எழுநூறு பிள்ளைகள் ஒரே குரலில் ‘பன் மாமா’ என்று கத்தியதில் கோயில் மணி தானாக ஒரு தடவை அடித்தது. பள்ளிக்கூடத்தில் மொத்தமே நூற்றைம்பது பேர்தான் என்று அண்ணி பக்கத்திலிருந்து திருத்துகிறாள். சத்தத்தை எண்ணிச் சொன்னேன், தலையை எண்ணியல்ல.

நான் சண்டைக்கு வந்திருப்பது சரிதா மிஸ்ஸுக்குத் தெரியவே இல்லை. ‘வாங்க சார், நல்ல நேரத்துல வந்தீங்க, இன்னிக்குத் தரையில உக்காந்து வகுக்கப் போறோம்’ என்று சிரித்தார். பன்னையெல்லாம் வாங்கி மேசை மேல் மூடி வைத்தார். பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டையைக் கொடுத்தார். ஆளுக்குப் பன்னிரண்டு கொட்டை, ஒரு சாக்பீஸ். மூன்று பேருக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு வட்டம். முதலில் வட்டம் போடு, அப்புறம் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒவ்வொரு கொட்டையாகப் போட்டுக்கொண்டே வா. கையில் தீர்ந்ததும் ஒரு வட்டத்தில் எத்தனை இருக்கிறதென்று பார், அதுதான் விடை. இத்தனை சுலபமாக எனக்கு யாராவது அந்தக் காலத்தில் சொல்லியிருந்தால் நான் இன்றைக்கு ராக்கெட் விட்டுக்கொண்டிருப்பேன்.

வகுப்பு முழுக்கக் குனிந்து வட்டம் போட்டது. அபியும் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு கொஞ்சம் தள்ளி, கதவுப் பக்கமாக, இன்னொன்று. கொட்டையைப் போட ஆரம்பித்தாள். நாலு வட்டத்திலும் மும்மூன்று.

சரிதா மிஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இது யாருக்குடா என்று அந்த நாலாவது வட்டத்தைக் காட்டிக் கேட்டார். அபி நிமிர்ந்து பார்க்காமலே, ‘வாசலுக்கு மிஸ்’ என்றாள். தண்ணீர் ஈரமாக இருக்கும் என்கிற மாதிரி சொன்னாள். வாசலுக்கு யார் வருவார்கள் என்று மிஸ் கேட்டதற்கு, ‘வர்றவங்க’ என்றாள். 

அப்போதுதான் ஜோவிதா, என் மண்டையில் ஏறியது. அந்தப் பத்துக் கணக்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் முன்னால் வந்தது. மூன்று பேருக்கு என்றால் நாலாக, இரண்டு பேருக்கு என்றால் மூன்றாக, நாலு பேருக்கு என்றால் ஐந்தாகப் பிரித்திருக்கிறாள். பத்தை மூன்றாகப் பிரிக்க வராமல்தான் ‘வரல மிஸ்’. எல்லா விடையும் சரி. நம் வீட்டில் சரி.

பக்கத்தில் கலைவாணி என்று ஒரு பிள்ளை, தேங்காய்த்திட்டிலிருந்து வருகிறது. அப்பா விசைப்படகில் போகிறவர். அது எழுந்து நின்று, ‘அபி கரெக்டுதான் மிஸ், எங்கப்பாகூட மீனப் பிரிக்கறப்ப படகுக்கு ஒரு பங்கு வெப்பாரு’ என்றது. படகு மீன் தின்னுமா என்று ஒரு பயல் கேட்டான். ‘படகு இல்லாம நீ நீந்திப் போய்ப் புடிப்பியா?’ என்று கலைவாணி திருப்பிக் கொடுத்தாள். உடனே இன்னொரு பிள்ளை, தன் வீட்டில் காக்காவுக்கு முதல் பங்கு என்றது. ஒரு நிமிஷத்தில் வகுப்பு முழுக்க எழுந்து நின்று, படகு, காக்கா, பூனை, இன்னும் பிறக்காத தம்பி என்று வட்டங்கள் போட ஆரம்பித்துவிட்டது. தரையில் இடமில்லாமல் என் செருப்பைச் சுற்றியும் ஒரு வட்டம். உலகத்தில் இனி யாருக்கும் வகுத்தல் வராது என்றே நினைத்தேன்.

சரிதா மிஸ்ஸை நான் குறைவாக எடை போட்டுவிட்டேன். எல்லாரையும் சிரிக்க விட்டு, சிரிப்பு தானாக அடங்கிய பிறகு சொன்னார். ‘எல்லார் வீடும் கரெக்டுதான். வீட்ல யாருக்கு வேணா வட்டம் போட்டுக்கலாம். ஆனா கணக்குல எத்தன பேருன்னு சொல்லியிருக்கோ அத்தன வட்டம்தான். கணக்குக்கு நம்ம வீடு தெரியாது பாவம்.’ அந்தப் பாவம் என்ற சொல்லில் பிள்ளைகள் கணக்கின் மேல் இரக்கப்பட்டு, காக்காவையும் பூனையையும் அழித்தார்கள். அபி அழிக்கவில்லை. நிமிர்ந்து கேட்டாள்: ‘அப்ப இல்லாதவங்கள எண்ணக் கூடாதா மிஸ்?’ மிஸ் அவள் தலையில் கையை வைத்து, ‘கணக்குல கூடாதும்மா’ என்றார். அபி பாவாடை ஓரத்தால் அந்த நாலாவது வட்டத்தைத் துடைத்தாள். அதிலிருந்த மூன்று கொட்டையையும் மற்ற மூன்றுக்கும் ஒவ்வொன்றாகப் போட்டாள். நாலு, நாலு, நாலு.

பிறகு மிஸ்ஸை வராந்தாவில் ஓரமாக நிறுத்தி நம் வீட்டு வழக்கத்தை விளக்கினேன். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு நாம் கேக் வெட்டினால் இருக்கிற தலையை எண்ணி, ஒன்றைக் கூட்டித்தான் வெட்டுவோம். கூடுதல் பங்கு வாசலுக்கு. அன்றைக்கு யார் வந்து கதவைத் தட்டினாலும் அவருக்கு. வீட்டில் சின்னப் பிள்ளை மேசைக்குக் கீழே ஒளிந்துகொண்டு, இது மாமாவுக்கு, இது அத்தைக்கு, இது வாசலுக்கு என்று சொல்லச் சொல்லத் துண்டுகள் தட்டுக்குப் போகும். உள்ளே ஒளித்த மொச்சைக்கொட்டை யாருக்கு அகப்படுகிறதோ அவர் தலையில் தங்கத்தாள் கிரீடம். வருஷத்தில் ஒரு நாள் வழக்கம்தான் அது. நீ போன பிறகு பன், பிஸ்கட், பலாச்சுளை எதைப் பிரித்தாலும் வாசலுக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. யார் ஆரம்பித்ததென்று நினைவில்லை. சாயந்திரம் நான் வெளியே போய், கதவைத் தட்டி, அந்நியனாக உள்ளே வந்து அதைத் தின்றுவிடுவேன். அபி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

போன ஜனவரியில் நீ வரவில்லை. மொச்சைக்கொட்டை வாசல் பங்கில் இருந்தது. அன்றைக்குப் பார்த்துக் கதவை யாருமே தட்டவில்லை. கிரீடம் அம்மாவுக்கு என்று அபி தீர்ப்புச் சொல்லி, ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். அண்ணி அதற்கு வாராவாரம் தூசி தட்டுகிறாள். இதை உனக்கு இதுவரை சொல்லவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சரிதா மிஸ் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார். பிறகு, ‘பூஜ்யத்த இவ்ளோ பெருசா போட்டிருக்க வேணாம் சார் நான்’ என்றார். நான் பரவாயில்லை, அழகாகத்தான் இருந்தது என்றேன்.

இனி கவலைப்படாதே. குதிரை பாதையில் ஏறிவிட்டது. உன் மகள் வகுக்கிற வேகத்தைப் பார்த்தால் அடுத்த மாதம் வங்காள விரிகுடாவையே ஆளுக்கு இத்தனை வாளி என்று பிரித்துக் கொடுத்துவிடுவாள். உன் இருமல் எப்படி இருக்கிறது? ஆண்டவர் உன் கைகளுக்குப் பலம் தரட்டும். ஜனவரியைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

உன் தோற்றுப்போன அண்ணன்,
பிரான்சுவா


முத்தியால்பேட்டை
டிசம்பர் 15

என் அருமை ஜோவிதா,

போன கடிதத்துக்குப் பிறகு இரண்டு முறை போன் செய்தாய். இரண்டு முறையும் அண்ணியிடம் மாவு விலை கேட்டாய், அபியிடம் சாப்பிட்டாயா என்று கேட்டாய், என்னிடம் மழை விட்டதா என்று கேட்டாய். கடிதம் வந்ததா என்று நானும் கேட்கவில்லை. வந்திருக்கும்.

அரையாண்டுத் தேர்வு முடிந்தது. வகுத்தலில் உன் மகள் பத்துக்குப் பத்து. சரிதா மிஸ் இந்த முறை பத்தின் பூஜ்யத்தை அதே அளவுக்குப் போட்டு, உள்ளே ஒரு சிரிக்கிற முகமும் வரைந்திருக்கிறார். இரண்டாம் வகுப்புப் பேச்சு எடுபட்டுப் போயிற்று. நான் தெருவுக்கே இலவசமாகப் பன் வழங்கினேன். உழவர்கரை வரைக்கும் வரிசை நின்றது. நின்றவர்கள் ஒன்பது பேர் என்பது அண்ணியின் கட்சி.

இதுவரைக்கும் வழக்கமான பிரான்சுவா எழுதினேன். இனிமேல் எழுதுவதைக் கூட்டாமல் எழுதுகிறேன். கூட்டிச் சொல்ல எனக்கு வரவில்லை.

அன்று சாயந்திரம் கிறிஸ்மஸுக்கு மாதிரியாகப் போட்ட பிளம் கேக் ஒன்றை மேசையில் வைத்து, பத்துக்குப் பத்து வாங்கிய மகாராணியே வெட்டட்டும் என்று கத்தியைக் கொடுத்தேன். அபி எங்களைப் பார்த்தாள். என்னை, அண்ணியை, தன்னை. கேக்கின் மேல் கத்தி முனையால் கோடு போட்டாள். மூன்றாக வெட்டினாள். எனக்கொன்று, அண்ணிக்கொன்று, அவளுக்கொன்று. தட்டு காலி.

நான் வாசலைப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்த்தாள். அபி வாயில் கேக்கோடு, ‘கரெக்டாதான மாமா வகுத்திருக்கேன்?’ என்றாள். கரெக்டும்மா என்றேன். அப்புறமும் அந்த முகம் என்னை விட்டு நகரவில்லை. ‘எத்தன பேரு இருக்கமோ அத்தனதான மாமா?’ என்றாள். ஆமாம் என்றேன். என் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். நான் செய்ததிலேயே நன்றாக வந்த கேக் அது.

இரண்டு நாள் கழித்து ஃப்ரிட்ஜ் மேலிருந்த கிரீடத்தைக் காணோம். கேட்டேன். பள்ளிக்கூடத்துக் கிறிஸ்மஸ் நாடகத்தில் கலைவாணி மூன்று ராஜாக்களில் ஒருத்தியாம், அவளுக்குக் கிரீடம் இல்லையாம், கொடுத்துவிட்டாளாம். ‘அங்க சும்மாதான மாமா இருக்குது’ என்றாள். அழவில்லை, முகம் வாடவில்லை. சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

ஜோவிதா, வராமல் இருந்தால் பிள்ளை பழகிக்கொள்வாள் என்றாயே. நீ சொன்னது நடந்துவிட்டது. பழகிக்கொண்டாள். இத்தனை நாள் அவள் தாளில் தப்பாக இருந்தது நீதான். அந்தத் தப்பைத் திருத்திப் பத்துக்குப் பத்து வாங்கிவிட்டாள். தேர்வுத்தாளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். எடுத்துப் பார். எல்லா விடையும் சரி.

சரிதா மிஸ்ஸின் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் தன் வேலையை அழகாகச் செய்தார். கணக்கு கணக்காகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அன்று இரவு அண்ணி பாத்திரம் தேய்க்கும்போது, அந்தச் சின்ன மூடித்தட்டை இரண்டு முறை தேய்த்தாள். அதில் எதுவும் வைத்திருக்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். போன வியாழக்கிழமை நடந்ததையும் கேள்.

தேர்வு முடிந்ததும் மிஸ் அடுத்த பாடத்தை ஆரம்பித்திருக்கிறார். இதை அபியே வந்து கையையும் காலையும் ஆட்டிச் சொன்னாள். மூன்று வட்டம். இந்த முறை பதிமூன்று கொட்டை. எல்லா வட்டத்திலும் நாலு நாலு போட்ட பிறகு கையில் ஒரு கொட்டை நின்றுவிட்டது. பாதிப் பிள்ளைகள் அதைச் சட்டைப்பையில் போட்டு மறைத்தார்களாம். கலைவாணி அதை ஜன்னல் வழியே எறிந்துவிட்டு, ‘முடிஞ்சிச்சு மிஸ்’ என்றாளாம். அபி கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். ‘இது யாருக்கு மிஸ்?’ என்று கேட்டிருக்கிறாள். யாருக்கும் இல்லை என்று மிஸ் சொல்லியிருக்கிறார். அதற்குப் பெயர் மீதி. அதை எறியக் கூடாது, ஒளிக்கக் கூடாது, யார் வட்டத்திலும் திணிக்கக் கூடாது. விடைக்குப் பக்கத்திலேயே மீதி ஒன்று என்று எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் கணக்கு தப்பு.

எழுதாவிட்டால் தப்பா என்று அபி இரண்டு முறை கேட்டாளாம். ஆமாம், தப்பு என்று மிஸ்ஸும் இரண்டு முறை சொன்னாராம். இரண்டாவது முறை சொன்னபோது மிஸ்ஸுக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது என்றும் சொன்னாள்.

அன்று சாயந்திரம் நான் எப்போதும்போல பன்னிரண்டு பன்னை எடுத்துத் தட்டில் வைத்தேன். எங்கள் மூன்று பேருக்கும், அந்தி மழைக்கும், சுடச்சுட. அபி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ‘பன்னெண்டு வேணாம் மாமா. பதிமூணு குடு’ என்றாள்.

கொடுத்தேன். பிரித்தாள். நாலு, நாலு, நாலு. கடைசிப் பன்னை எடுத்து அந்தச் சின்னத் தட்டில் வைத்து, மூடியால் மூடி, கதவுப் பக்கத்து ஸ்டூலில் கொண்டுபோய் வைத்தாள். ‘தப்பு இல்ல மாமா. மிஸ்ஸே சொன்னாங்க’ என்றாள். அன்றிலிருந்து தினமும் பதிமூன்று.

முந்தாநாள் நான் வழக்கம்போல வெளியே போய், கதவைத் தட்டி, அந்நியனாக வந்து நின்றேன். அபி சிரிக்கவில்லை. கதவை மூடிக்கொண்டு நின்று, ‘நீ உன் நாலத் தின்னுட்ட மாமா’ என்றாள். சக்கரவர்த்தி பசியோடு திரும்பினான்.

கலைவாணியிடமும் சொல்லி வைத்திருக்கிறாளாம். நாடகம் முடிந்ததும் கிரீடத்தை மடங்காமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். ஜனவரிக்கு வேண்டுமாம்.

இப்போது என் சங்கடத்தைச் சொல்கிறேன். பன் என்றால் ஒன்று கூட வைத்துச் சமாளிக்கலாம். திருநாள் கேக் வட்டமானது. அதில் மீதி வராது. எத்தனை பேர் என்று தெரிந்துகொண்டுதான் கத்தியை வைக்க முடியும். மூன்றாக வெட்டினால் மூன்றுதான். நாலாக வெட்டினால், நாலாவது துண்டு முன்பு மாதிரி வாசலுக்கென்று சும்மா இருக்க முடியாது. அவள் எண்ணக் கற்றுக்கொண்டுவிட்டாள். இந்த முறை யார் என்று கேட்பாள்.

திரும்பிப் போகும்போது அழுவாளே என்று நீ பயப்படுகிறாய். அழுவாள். ஏர்போர்ட்டில் உன் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு அழுவாள். இரண்டு துப்பட்டா கொண்டு வா. நானும் அழுவேன். என் அழுகையில் ஓடுபாதை நனைந்து விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகும், உனக்கும் கூட இரண்டு மணி நேரம் கிடைக்கும். அழுகிற பிள்ளையைத் தேற்ற எனக்குத் தெரியும். அண்ணிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அழாமல் மூன்றாக வெட்டிவிட்டு ‘கரெக்டா மாமா’ என்று கேட்கிற பிள்ளையைத் தேற்ற எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பத்து நாளைக்கு வந்தால் போதும். ஐந்து நாளைக்கு வந்தாலும் போதும். திருநாளன்று கதவைத் தட்டிவிட்டு, கேக்கைத் தின்றுவிட்டு, கிரீடத்தை வாங்கிக்கொண்டு போனால்கூடப் போதும். மாவு பிசைந்து வைத்துக் காத்திருப்பேன். மொச்சைக்கொட்டையை எந்தத் துண்டில் ஒளிப்பது என்பது என் கையில் இருக்கிறது. இத்தனை வருஷம் ரொட்டிக்கடை வைத்ததற்கு அந்த அளவு கள்ளத்தனம் கூடத் தெரியாதா எனக்கு?

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். முக்கியமாக வரத்தை.

போனில் ஒன்றும் விளக்க வேண்டாம், ஜோவிதா. காரணம் சொல்ல வேண்டாம், அழ வேண்டாம். ஒரே ஒரு எண்ணை மட்டும் சொல். மூன்றா, நாலா?

கத்தியோடு காத்திருக்கும்
உன் அண்ணன்,
பிரான்சுவா